பாலக்கோட்டில் சின்னதாக ஒரு கிளிக் காப்பகம் தொடங்க ஆசை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல் (பாலக்கோடு)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் அடிபட்ட பச்சைக்கிளியோ, பொந்திலிருந்து விழுந்த குஞ்சோ யாருக்குக் கிடைத்தாலும் என் வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறார்கள். ஒன்றிரண்டைத் தேற்றிப் பறக்கவிட்டேன். அது வாய்வழியாகப் பரவிவிட்டது. இப்போது "ஊருக்குப் போகிறோம், இந்தக் கிளியை வைத்துக்கொள்ளுங்கள்" என்று கூண்டோடு வந்து நிற்பவர்களும் உண்டு.

அம்மா வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரும் இருக்கிறது. வீட்டுக்காரரும் சரி என்கிறார். அங்கே முறையாக ஒரு காப்பகம் மாதிரி வைக்கலாம் என்று நினைக்கிறேன். தீனிக்கு மாதம் என்ன ஆகும், எத்தனை கிளி வரை ஒரு ஆள் பார்க்க முடியும், கூண்டு எப்படிக் கட்டுவது, வைத்தியத்துக்கு எங்கே போவது? நடத்துகிறவர்கள் உள்ளது உள்ளபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டைமேடு (தருமபுரி)

நல்ல மனசு சகோதரி. வாழ்த்துகள். தருமபுரி பக்கம் இப்படி ஒரு இடம் கட்டாயம் வேண்டும். சாலையோரப் புளியமரங்களை வெட்டும்போது பொந்தோடு குஞ்சுகள் கீழே வந்துவிடுகின்றன. யாரிடம் கொடுப்பது என்றே தெரிவதில்லை.

பெண்ணையாற்றங்கரை (கிருஷ்ணகிரி)

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொண்டு பதில் சொல்கிறேன். தீனியும் கூண்டும் அப்புறம். முதலில் சட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்லது செய்யப் போனவர்கள் நிற்கும் இடமும் கிளி பிடித்து விற்றவன் நிற்கும் இடமும் ஒன்றாகிவிடும்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி எல்லாமே 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பச்சைக்கிளி 2ஆம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். அடிபட்டு உங்கள் கைக்கு வந்த கிளி உங்களுடையது ஆகிவிடாது, அது அரசின் உடைமை. 39ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது, "மீட்பு மையம்" என்று பலகை வைப்பது. சட்டத்தின் பார்வையில் மீட்பு மையமும் உயிரியல் பூங்கா என்ற வகைக்குள்தான் வருகிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. வீட்டுக் கொல்லையில் அதை வாங்குவது நடக்கிற காரியம் இல்லை.

"அப்படியானால் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். என்னிடம் நிரந்தரமாக இருப்பவை எல்லாம் வெளிநாட்டு இனங்கள். காக்டெயில், லவ் பேர்ட்ஸ், பட்ஜி, இரண்டு கன்யூர். வளர்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போனவை. நம் ஊர்க் கிளி வந்தால் அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கிறேன். எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்தார், என்ன காயம் என்று படத்தோடு அனுப்பிவிடுவேன். "தேறும்வரை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் சொன்னால் அந்த அளவுக்கு மட்டும் வைத்திருப்பேன். தேறியதும் அவர்கள் முன்னிலையில் விடுவோம். ஒரு நோட்டுப் போட்டு வந்த தேதி, எடை, மருந்து, போன தேதி எல்லாம் எழுதிவைக்கிறேன். அந்த நோட்டுதான் எனக்குக் காவல்.

வனவரைப் போய்ப் பாருங்கள். பயப்பட வேண்டாம். நீங்களாக முன்னால் போய் நிற்பதற்கும் யாரோ புகார் கொடுத்து அவர்கள் உங்களைத் தேடி வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மல்லிகைப்பந்தல் (பாலக்கோடு)

அண்ணா, ரொம்ப நன்றி. 48 மணி நேரக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கே போய்ப் பார்க்கிறேன். ஆனால் கூண்டோடு கொண்டுவருகிறார்களே, அவர்களிடம் சட்டத்தைச் சொன்னால் பயந்துபோய்க் கிளியை எங்காவது திறந்துவிட்டுவிடுவார்கள். அந்தப் பயம்தான் எனக்கு.

பெயர் வேண்டாம் (அரூர்)

இதைப் படித்ததும் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு பச்சைக்கிளி இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்தே இருக்கிறது. கழுத்தில் வளையம் வந்த ஆண் கிளி. பிள்ளைகள் பேரைச் சொல்லிக் கூப்பிடும். பாலில் ஊறவைத்த சோறும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. வாங்கும்போதே இறக்கையை வெட்டித்தான் கொடுத்தார்களாம், அப்புறமும் அவ்வப்போது மாமனார் வெட்டிவிடுவார். இப்போது அவர் இல்லை. கிளி நெஞ்சுப் பக்கத்து இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது, தோல் தெரிகிறது. பறக்கவிட்டால் பிழைக்குமா? வனத்துறையிடம் போனால் எங்கள் மேல் வழக்குப் போடுவார்களா? யாரையும் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, அது நன்றாக இருந்தால் போதும்.

பெண்ணையாற்றங்கரை (கிருஷ்ணகிரி)

அம்மா, நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது. இங்கே படிக்கிற பத்துப் பேர் வீட்டிலாவது இதே மாதிரி ஒரு கிளி இருக்கும்.

தயவுசெய்து இப்போது திறந்துவிட்டுவிடாதீர்கள். பல வருஷம் கூண்டில் இருந்த கிளிக்கு நெஞ்சுச் சதை வற்றியிருக்கும். மாடிவரை எழும்பிப் பறப்பதற்கே தெம்பு இருக்காது. காக்கை விடாது, பூனை விடாது, வல்லூறு பார்த்தால் அவ்வளவுதான். தப்பித்தாலும் இரை தேடத் தெரியாது. மனிதர்களைப் பார்த்தால் தோளில் வந்து உட்காரும். உட்கார்ந்த இடத்தில் மறுபடி இன்னொரு கூண்டு.

வெட்டிய இறக்கையைப் பற்றி ஒன்று. இறகை வெட்டினால் அடிக்குச்சி தோலுக்குள்ளேயே இருக்கும். அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் புது இறகு வரும், அதற்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். பக்கவாட்டில் இறக்கையை மெல்ல விரித்துப் பாருங்கள். நுனி இறகுகள் கத்திரித்த மாதிரி சதுரமாக முடிந்திருந்தால் அது பழைய வெட்டு. நடுவில் நீலம் பாய்ந்த குழல் மாதிரி ஏதாவது முளைத்து நின்றால் அது புது இறகு, உள்ளே ரத்தம் ஓடும். அதைத் தொட வேண்டாம், முறிந்தால் ரத்தம் நிற்காது.

வழக்கு விஷயம். தானாக முன்வந்து ஒப்படைக்கிறவர்களிடம் அதிகாரிகள் பொதுவாகப் பரிவாகத்தான் நடந்துகொள்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆனாலும் அது அவர்கள் முடிவு, நான் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் தனியாகப் போக வேண்டாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கூட வருகிறேன்.

அதுவரை பாலை நிறுத்துங்கள். பறவைக்குப் பால் செரிக்காது. கிளிக்குப் பாலும் பழமும் கொடுப்பது நம் வழக்கமாகிவிட்டது, பாசத்தில்தான் செய்கிறோம், ஆனால் அதன் வயிறு அதற்கானது இல்லை. தினை, கம்பு, முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கொய்யா, பப்பாளி, காரட் வையுங்கள். பழைய ருசிக்கே பழகியதால் முதலில் தொடாது. பழையதை ஒரே நாளில் நிறுத்திவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை (கணவாய் ஓடு) கேளுங்கள், கம்பியில் சொருகிவைத்தால் அலகால் சுரண்டித் தின்னும். சுண்ணாம்புச் சத்துக்கு அது நல்லது.

பெயர் வேண்டாம் (அரூர்)

அனுப்பியிருக்கிறேன்ங்க. நன்றி.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எல்லாம் கிளியைக் காப்பாற்றுகிறீர்கள். எங்கள் தோப்பில் கிளிமூக்கு மாங்காய் கூழ் ஆலைக்குப் போகிற பருவத்தில், கிளி ஒரு காயை முழுசாகத் தின்று தொலைத்தால்கூடப் பரவாயில்லை. இதில் ஒரு கொத்து, அதில் ஒரு கொத்து என்று வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். கொத்துப்பட்ட காயை யாரும் எடுக்க மாட்டார்கள். கம்பு, சோளம் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். கதிர் பால் பிடித்ததிலிருந்து காலையும் மாலையும் ஒரு ஆள் தகரம் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும். கூலி யார் கொடுப்பது? அதனால்தான் வலை கட்டுகிறோம். வலையில் கிளி மாட்டினால் உடனே எங்களைக் கொலைகாரன் மாதிரிப் பார்க்கிறார்கள்.

பெண்ணையாற்றங்கரை (கிருஷ்ணகிரி)

அண்ணே, கோபம் எதற்கு? நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். என் மாமன் வீட்டிலும் மாந்தோப்புதான். கிளியால் ஆகிற சேதத்தைச் சும்மா பேச்சு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

வலை கட்டுவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வலை என்பதுதான் கேள்வி. மீன்பிடி நரம்பு மாதிரி மெல்லிசான நைலான் வலையைத் தொளதொளவென்று தொங்கவிட்டால் கிளி கண்ணுக்கு அது தெரியாது. மோதும், கால் சிக்கும். உதறஉதற இறுகும். என்னிடம் அப்படி வருகிற கிளிகளில் பாதிக்குமேல் கால் விரல் கறுத்துத்தான் வரும், ரத்த ஓட்டம் நின்றிருக்கும். விரலை எடுக்க வேண்டியதாகிவிடும். அதே வலை தடிமனாக, வெள்ளை நிறமாக, மரத்துக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்தால் கிளி பார்த்துவிட்டே ஒதுங்கும், உங்கள் காயும் தப்பிக்கும். பார்க்கப்போனால் தொங்கும் வலையில் மாட்டுகிற கிளி நாலைந்துதான், மற்றதெல்லாம் பக்கவாட்டில் புகுந்து தின்றுகொண்டேதான் இருக்கும். மினுமினுக்கும் நாடாவும் கட்டலாம். ஒரே இடத்தில் வைத்தால் சீக்கிரம் பழகிவிடும், இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். காலை ஒரு முறை, பொழுது சாய்வதற்குள் ஒரு முறை வலையைச் சுற்றிப் பாருங்கள். மாட்டியிருந்தால் கிளியை இழுக்காதீர்கள். துணியைப் போர்த்தி, தலையை மூடி, வலையைக் கத்தரியால் வெட்டுங்கள். ஒரு முழம் வலை போகும், அவ்வளவுதான்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

வெள்ளை வலை விஷயம் யாரும் சொன்னதில்லை. விலை விசாரிக்கிறேன். துணி போர்த்தி வெட்டுவது சரி, செய்கிறோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தருமபுரி)

இழையை முழுவதும் படித்தேன். வைத்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அம்மா.

நம் மாவட்டத்துக் கால்நடை மருந்தகங்களில் மாடு, ஆடு, கோழி நன்றாகப் பார்ப்பார்கள். கிளி வேறு கதை. அவசரத்துக்குக் காட்டுங்கள், ஆனால் எக்ஸ்ரே, எலும்பு கட்டுவது, ரத்தப் பரிசோதனை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு கிட்டம். அதனால் உங்கள் செலவில் தீனியைவிடப் போக்குவரத்துதான் பெரிதாக நிற்கும். அதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

புதிதாக வருகிற கிளியைப் பழைய கிளிகளோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் ஒன்றரை மாதம் தனி அறை, தனித் தட்டு, தனித் துடைப்பம். பழைய கிளிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, புதியதை கடைசியில் பாருங்கள். வரிசை மாறக்கூடாது. அலகையும் இறகையும் தாக்கும் ஒரு வைரஸ் நோய் உண்டு, மருந்தே கிடையாது, இறகுத் தூளில் பரவும். கிளிக்காய்ச்சல் என்று சொல்லும் சிட்டகோசிஸ் மனிதர்களுக்கும் வரும். காய்ந்த எச்சத்தின் தூளை மூச்சில் இழுப்பதுதான் வழி. அதனால் கூண்டைக் கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள், முகக்கவசம் போடுங்கள். உங்களுக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் உங்கள் டாக்டரிடம் "கிளி வளர்க்கிறேன்" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் அந்தக் கோணத்தில் யோசிக்கவே மாட்டார்.

கிளி நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் இரையாகிவிடும் என்பதால் அது அதன் குணம். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்கிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று எடை. சமையலறையில் கிராம் காட்டும் தராசு போதும். பச்சைக்கிளி சுமார் 110 முதல் 140 கிராம் வரை இருக்கும். தினமும் காலையில் தீனிக்கு முன்னால் நிறுத்து எழுதுங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று எச்சம். தட்டில் வெள்ளைத்தாள் விரித்துவையுங்கள். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி தெரியும்: பச்சையோ பழுப்போ ஆன சாணம், அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒன்று, சுற்றிலும் தெளிந்த நீர். அந்த வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகப்பட வேண்டும். வெறும் சூரியகாந்தி விதையிலேயே வளர்ந்த கிளிகளுக்கு ஈரலில் கொழுப்புச் சேர்ந்திருக்கும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையும் ஈரலைத்தான் கெடுக்கும். நம் ஊரில் கடலை மலிவு என்று அள்ளிப் போடாதீர்கள்.

மல்லிகைப்பந்தல் (பாலக்கோடு)

ஐயா, எச்சம் பார்த்து இவ்வளவு தெரியும் என்று நினைக்கவே இல்லை. குஞ்சுக்கு எப்படி ஊட்டுவது என்று கொஞ்சம் சொல்ல முடியுமா? கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா? மார்ச் மாதம் ஆனால் குஞ்சுகளாகத்தான் வருகின்றன.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தருமபுரி)

முதலில் பொந்தைத் தேடுங்கள். விழுந்த குஞ்சுக்கு அடிபடவில்லை என்றால், பொந்து தெரிகிறது என்றால், திரும்ப வைப்பதுதான் சிறந்த வைத்தியம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை.

வழியே இல்லை என்றால்தான் ஊட்ட வேண்டும். கிளிக்குஞ்சுக்கென்றே விற்கும் மாவு இப்போது ஓசூர், சேலத்தில் பறவைக் கடைகளில் கிடைக்கிறது. ஓர் இரவுக்குக் கைவசம் எதுவும் இல்லாவிட்டால் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் தானிய மாவில் பால் சேராத வகையை வெந்நீரில் கரைத்துச் சமாளிக்கலாம். கேழ்வரகுக் கூழ் மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், வளர்ச்சிக்கான புரதமும் மற்றச் சத்துகளும் போதாது. எலும்பு வளைந்துபோன குஞ்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கரைசல் 39 முதல் 41 டிகிரி வரை சூடு இருக்க வேண்டும். கையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் போனால் தீனிப்பை வெந்து ஓட்டை விழும். ஆறிப்போனால் உள்ளே தங்கிப் புளிக்கும். குஞ்சின் கழுத்துக்குக் கீழே மெல்லிய தோலுக்குள் அந்தப் பை உப்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். விரல் நுனியால் தொட்டால் மாவாக இருக்க வேண்டும், கெட்டியாக இருக்கக்கூடாது. காலையில் அது முழுக்க வற்றிச் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் ஊட்டு. வற்றாமல் மேலே மேலே ஊட்டுவதால் சாகிற குஞ்சுகள்தான் அதிகம். சிரிஞ்சில் ஊட்டும்போது குஞ்சின் இடது வாயோரத்திலிருந்து வலது தொண்டைப் பக்கமாகச் சாய்த்துக் கொடுங்கள். அது தலையை ஆட்டி விழுங்கும், அந்தத் தாளத்தோடு போங்கள். நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

ஓசூர்வாசி

எனக்கும் ஒரு உதவி வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வைத்திருக்கிறேன். வேலை மாற்றலாகி வெளிநாடு போகிறோம். கூண்டு, பொம்மை எல்லாம் சேர்த்துத் தருகிறேன், ஆறு மாதத் தீனிச் செலவும் தருகிறேன். யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா? நன்றாகப் பேசும்.

பெண்ணையாற்றங்கரை (கிருஷ்ணகிரி)

சார், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்கிறீர்களா? அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், சாம்பல் கிளியைக் கட்டுப்பாடு அதிகமான முதல் பட்டியலுக்கு மாற்ற 2016இல் முடிவெடுத்துவிட்டார்கள். நம் சட்டத்திலும் 2022 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட வெளிநாட்டு இனங்களுக்கு 4ஆம் அட்டவணை வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகளும் வந்தன. மக்காவ், காக்கட்டூ, சன் கன்யூர் எல்லாம் இதில் அடக்கம். வைத்திருப்பதையும் பதிய வேண்டும், கைமாறுவதையும் பதிய வேண்டும். பட்ஜி, காக்டெயிலுக்கு இது கிடையாது. பதிவு இல்லாமல் யாராவது "கொடுங்கள், பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அவர் விற்கத்தான் வாங்குகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். ஆறு மாதச் செலவு தருகிறேன் என்கிறீர்கள். இந்தக் கிளி 40 வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கும். எனக்கு இப்போதே ஐம்பதை நெருங்குகிறது. என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. இடம் இல்லாமல் இல்லை, ஒரு கூண்டு காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாம்பல் கிளிக்குத் தினமும் மணிக்கணக்கில் ஒரு மனிதத் துணை வேண்டும். அது இல்லாவிட்டால் அரூர் அம்மா சொன்ன மாதிரி இறகைப் பிடுங்க ஆரம்பித்துவிடும். பதிவை முடியுங்கள், ஏற்கெனவே பெரிய கிளி வளர்த்துப் பழகிய குடும்பமாகத் தேடலாம், நானும் விசாரிக்கிறேன்.

மல்லிகைப்பந்தல் சகோதரி கவனிக்க, எத்தனை கிளி என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். கூண்டு எத்தனை கட்டலாம் என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டால் உங்கள் வீட்டில் இன்னொருவர் எத்தனை கிளியைப் பார்த்துக்கொள்ள முடியும்? அந்த எண்ணிக்கைதான் உங்கள் அளவு. அதற்கு மேல் வருகிற முதல் கிளிக்கு "இல்லை" என்று சொல்ல வேண்டும். நான் பார்த்த காப்பகங்கள் மூடிப்போனதெல்லாம் பணம் இல்லாமல் அல்ல. மறுக்க மனசு வராமல், ஒரு கூண்டில் ரெண்டு, ரெண்டில் நாலு என்று அடைத்து, ஒரு நோய் உள்ளே வந்து மொத்தமும் போய்விட்டது. அந்த ஜீவன்களை மீட்டதாக யாரும் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டையும் மறக்காதீர்கள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கிளிகள் கத்தியே தீரும். நமக்கு அது சந்தோஷம், இரவு வேலை முடித்துப் படுத்தவருக்கு அது கொடுமை. தொடங்குவதற்கு முன்னாலேயே போய்ப் பேசிவிடுங்கள்.

தொப்பூர்க்காரன்

எல்லாம் சரி, ஆனால் வனத்துறையிடம் கொடுத்தால் மட்டும் என்ன ஆகிறது? எனக்குத் தெரிந்து ஒருமுறை பிடித்துவந்த குஞ்சுகளை எல்லாம் அப்படியே ஒரு காட்டில் திறந்துவிட்டார்கள். படம் எடுத்தார்கள், செய்தி வந்தது. அந்தக் குஞ்சுகள் என்ன ஆனதோ. அதற்கு இந்தச் சகோதரி வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

பெண்ணையாற்றங்கரை (கிருஷ்ணகிரி)

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. எனக்கும் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் அதற்குப் பதில், வீட்டிலேயே வைத்துக்கொள்வது இல்லை. விடுவதைச் சரியாக விடுவது.

காடு வேண்டும் என்பதே இல்லை, பச்சைக்கிளி ஊர்ப்பறவை. தோப்பும் பழைய புளியமரமும் பக்கத்தில் கிளிக்கூட்டமும் இருக்கிற இடம்தான் அதற்குக் காடு. குஞ்சிலிருந்து வளர்த்ததைத் தனியாக விட்டால் பிழைக்காது. நாலைந்தாகச் சேர்த்து வளர்க்க வேண்டும். தானாகத் தின்னத் தொடங்கியதும் மனிதக் குரலே கேட்காத தூரத்தில் நீளமான கூண்டுக்கு மாற்ற வேண்டும். இருபது அடியாவது இருந்தால்தான் பறந்து பழகும். இலையோடு கொய்யாக் கிளை, வேப்பம்பழக் கொத்து, கதிரோடு கம்பு என்று வெளியே கிடைப்பதையே வெளியே கிடைக்கிற மாதிரியே வைக்க வேண்டும். தட்டில் வைத்துப் பழக்கினால் தட்டைத்தான் தேடும். பிறகு ஒருநாள் கூண்டின் மேல்கதவைத் திறந்துவைத்துவிட்டு விலகிவிட வேண்டும். சிலது அன்றைக்கே போகும். சிலது போய்விட்டுத் தீனிக்குத் திரும்பி வரும், அதற்காகக் கொஞ்ச காலம் கூரையில் தீனி வைக்க வேண்டும். வரவர வருகை குறையும்.

இதை வனச்சரகரிடம் எடுத்துச் சொன்னால் கேட்கிறார்கள் என்பதுதான் என் அனுபவம். அவர்களுக்கு யானை வழித்தடமும் தீத்தடுப்பும் பார்க்கவே ஆள் போதவில்லை. பொறுப்பாக ஒருவர் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, விடும்வரை கணக்குக் காட்டினால் அவர்களுக்கும் அது உதவிதான். இப்படிச் செய்வதற்கு நம் மாவட்டங்களில் ஆள் இல்லாததுதான் உண்மையான பிரச்சினை தம்பி. இந்தச் சகோதரி மாதிரி ஆளுக்கு ஒரு வட்டாரம் எடுத்துக்கொண்டால், அடைத்துவைக்கிற கூண்டே பாதி தேவைப்படாது.

கோட்டைமேடு (தருமபுரி)

கூண்டுக்கு ஜிஐ வெல்டுமெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிவலை) போதுமா?

பெண்ணையாற்றங்கரை (கிருஷ்ணகிரி)

போடலாம். ஆனால் புதுக் கம்பியில் துத்தநாகம் திப்பி திப்பியாக நிற்கும், கிளி அதைக் கடித்துத் தின்றால் விஷம். வினிகர் தொட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கொஞ்ச நாள் வெயிலிலும் மழையிலும் போட்டுவிட்டு அப்புறம் கட்டுங்கள். அரை அங்குலக் கண்ணுக்கு மேல் வேண்டாம், பாம்பும் எலியும் நுழையும். இரட்டைக் கதவு கட்டாயம். ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உட்காரும் குச்சிக்குப் பிளாஸ்டிக் குழாய் போடாதீர்கள், கால் புண்ணாகும். வேம்பு, கொய்யாக் கிளைகளைத் தடிமன் மாற்றி மாற்றி வையுங்கள். வீட்டுக்குள் கிளி இருந்தால் நான்ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் காயவிடாதீர்கள், அந்தப் புகை நிமிஷத்தில் கொல்லும்.

மல்லிகைப்பந்தல் (பாலக்கோடு)

எல்லோருக்கும் நன்றி. வனச்சரக அலுவலகம் போய்வந்தோம். வனவர் பொறுமையாகக் கேட்டார். பலகை எதுவும் வேண்டாம், குஞ்சோ அடிபட்டதோ வந்தால் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள் என்றார். அதனால் காப்பகம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு நீளக் கூண்டு, வீட்டில் ஒரு தனி அறை, அவ்வளவுதான். இந்தப் பருவத்துக்கு ஐந்து குஞ்சுக்கு மேல் எடுப்பதில்லை என்று வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்துவிட்டோம். ஆறாவது வந்தால் அண்ணா, உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்.

அரூர் அக்கா கிளி எப்படி இருக்கிறது?

பெயர் வேண்டாம் (அரூர்)

அண்ணன் கூட வந்தார், அதிகாரிகள் எழுதி வாங்கிக்கொண்டார்கள், எங்களை ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் ஐயாதான் கிளியைப் பார்த்தார். இனிமேல் வெளியே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள், வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் அழுதார்கள். நானும்தான். கீரை தின்னப் பழகிவிட்டதாம்.

பெண்ணையாற்றங்கரை (கிருஷ்ணகிரி)

மல்லிகைப்பந்தல் சகோதரிக்கு, ஆறாவது வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். அதற்குள் மூன்று பொருள் வாங்கிவையுங்கள்: சமையலறைத் தராசு, வெப்பமானி, ஊசி இல்லாத சிரிஞ்சு. கதகதப்புக்கு பல்பு போட்ட அட்டைப்பெட்டி போதும், பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கட்டும், குஞ்சு வேண்டும்போது நகர்ந்துகொள்ளும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். மாவுப் பையில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், பிரித்ததும் பிரிட்ஜில் வைக்க வேண்டும்.